முதலையும் ஓடும்: பைன்வுட் டெர்பி காரில் வேகம் எங்கே இருக்கிறது?

கேள்வி: மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வருடம்தான் கப் ஸ்கவுட்டில் (அமெரிக்காவில் சின்னக் குழந்தைகளுக்கான சாரணர் அமைப்பு) சேர்ந்தாள். பைன்வுட் டெர்பி என்கிற மரக்கட்டைக் கார் ரேஸுக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. முதலை வடிவத்தில்தான் கார் வேண்டும் என்று பிடிவாதம். ஆனால் ஜெயிக்கிற கார்களின் படங்களைப் பார்த்தால் எல்லாமே ஆப்பு மாதிரி தட்டையாக இருக்கின்றன. முதலை செய்தால் கடைசியில் வந்துவிடுமா? வீட்டில் பெரிய கருவி எதுவும் இல்லை. எந்த வேலையை அவளிடம் விடலாம், எதை நாங்கள் செய்ய வேண்டும்?

பதில்:

முதலையையே செய்யுங்கள். இந்தக் காரில் வேகத்தைத் தீர்மானிக்கிற விஷயங்களை வரிசைப்படுத்தினால், முதலில் வருவது அச்சும் சக்கரமும் எவ்வளவு வழவழப்பாக இருக்கின்றன, கார் எவ்வளவு நேராக ஓடுகிறது என்பது. அடுத்தது எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. வடிவம் அதற்கும் கீழேதான். முதல் இடத்தில் இருக்கிற அந்த வழவழப்பு வேலைக்குப் பெரிய கருவியோ உடல் பலமோ தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும். ஏழு வயதுக் குழந்தையின் கை அதற்குத் தாராளமாகப் பொருந்தும். எங்கள் பேக்கில், அதாவது எங்கள் ஊர் கப் ஸ்கவுட் குழுவில், ரேஸுக்கு முன் கார்களை எடை போட்டுச் சரிபார்க்கும் மேசையில் பல வருடங்களாக உட்கார்ந்து வருகிறேன். அப்பா முழுக்க முழுக்கச் செய்த பளபளப்பான ஆப்பு வடிவக் கார், சக்கரம் கோணலாக இருந்ததால் பாதி டிராக்கிலேயே திணறுவதையும், குழந்தை தானே தேய்த்து எடுத்த அச்சுகளோடு ஒரு மொழுக்கட்டையான கார் அதைத் தாண்டிப் போவதையும் பார்த்திருக்கிறேன்.

இதைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1953இல் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் டான் மர்ஃபி என்ற கப் மாஸ்டர் (பேக்கின் தலைவர்) தொடங்கிய போட்டி இது. குழந்தைகள் தாங்களே உட்கார்ந்து சரிவில் ஓட்டும் சோப் பாக்ஸ் டெர்பியில் கலந்துகொள்ள அவருடைய மகனுக்கு வயது போதவில்லை. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து செய்கிற மாதிரி ஒரு சின்னக் கார் போட்டியை அவர் யோசித்தார். ஒரு பைன் மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், அச்சாக நான்கு ஆணி. மோட்டார் கிடையாது, சாவி கிடையாது. மேலிருந்து விட்டால் புவியீர்ப்பு மட்டும் இழுத்துக்கொண்டு போகும். இன்றைக்கும் கிட், அதாவது பாகங்கள் வைத்து வருகிற பெட்டி, அதேதான். பெண் குழந்தைகள் கப் ஸ்கவுட்டில் சேர ஆரம்பித்தது 2018 முதல், அதனால் உங்கள் மகள் மாதிரி நிறையப் பேர் இப்போது டிராக் பக்கம் நிற்கிறார்கள்.

கட்டையைத் தொடுவதற்கு முன் உங்கள் பேக்கின் விதித்தாளை வாங்கிப் படியுங்கள். பொதுவான விதிகள் இவை: மொத்த எடை 5 அவுன்ஸுக்கு மேல் போகக் கூடாது, அதாவது சுமார் 141.7 கிராம். நீளம் 7 அங்குலம், சக்கரங்களோடு சேர்த்து அகலம் இரண்டே முக்கால் அங்குலம். காரின் அடிப்பகுதிக்கும் டிராக்குக்கும் நடுவே 3/8 அங்குலம் இடைவெளி வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு பாதையின் நடுவிலும் ஒரு தண்டவாளம் மாதிரிப் பட்டை ஓடுகிறது, நான்கு சக்கரமும் அதற்கு இரண்டு பக்கமாக இறங்கி நிற்கும். அடியில் ஈயமோ திருகாணியோ தொங்கினால் அந்தப் பட்டையில் உரசி நின்றுவிடும். இவற்றைத் தவிர ஒவ்வொரு பேக்கும் தனக்கென்று சில விதி வைத்திருக்கும். ஆணியை வளைக்கலாமா, ஒரு சக்கரத்தைத் தூக்கி வைக்கலாமா, கிட்டில் வெட்டியிருக்கிற பள்ளத்தில்தான் அச்சைச் செருக வேண்டுமா, எந்த மசகு போடலாம், இந்த நான்கையும் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி, வேகம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வழக்கமான டிராக்கில் கார் சுமார் 4 அடி உயரத்தில் நிற்கும். அதாவது 1.2 மீட்டர். 142 கிராம் எடை அந்த உயரத்திலிருந்து இறங்கினால் கிடைக்கிற மொத்த ஆற்றல் ஏறக்குறைய 1.7 ஜூல். அவ்வளவுதான் சொத்து. 5 அவுன்ஸ் முழுக்க நிரப்பிய எல்லாக் காருக்கும் ஏறக்குறைய அதே சொத்துதான். உரசலே இல்லாவிட்டால் கீழே வரும்போது நொடிக்குச் சுமார் 4.9 மீட்டர் வேகம் இருக்கும், நிஜத்தில் நாலரையை ஒட்டி இருக்கும். 42 அடி அலுமினிய டிராக்கில் நல்ல கார் சுமார் 3 நொடியில் முடித்துவிடும். ஆகவே வேகமான கார் செய்வது என்றால், கையில் இருக்கிற அந்த 1.7 ஜூலை வழியில் எங்கும் சிந்தாமல் கடைசிக் கோடு வரை கொண்டுபோவது.

எங்கெல்லாம் சிந்துகிறது? ஆணிக்கும் சக்கரத்தின் துளைக்கும் நடுவே உரசல். சக்கரம் காரின் உடம்பிலோ ஆணித் தலையிலோ உரசுவது. சக்கரம் நடுப்பட்டையில் மோதி மோதித் திரும்புவது. சக்கரத்தைச் சுழல வைப்பதற்கே செலவாகிற ஆற்றல். கடைசியாகக் காற்று. என் தோராயக் கணக்கில், மசகாக நல்ல கிராஃபைட் தூள் போட்ட நிலையிலும் அச்சு உரசல் மட்டும் மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. அச்சு கரடுமுரடாக இருந்தால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. காற்று தின்பதும் ஒதுக்கிவிடக்கூடிய அளவு இல்லை, ஆனால் தாழ்வான எந்த வடிவத்துக்கும் அது குறைவுதான். செங்குத்தாக நிற்கிற லாரி வடிவத்துக்கும் மெல்லிய ஆப்புக்கும் வித்தியாசம் தெரியும். முதலைக்கும் ஆப்புக்கும் இருக்கிற வித்தியாசம் ஒரு சில அங்குலம்தான் வரும். அச்சு சரியில்லாத கார் பின்தங்குவதோ அடிக்கணக்கில்.

எடை விஷயத்துக்கு வருவோம். கனமான பொருளும் லேசான பொருளும் ஒரே வேகத்தில்தானே விழும், பிறகு எதற்கு 5 அவுன்ஸ் முழுக்க நிரப்ப வேண்டும் என்று குழந்தை கேட்கும், கேட்க வேண்டும். அச்சு உரசல் எடைக்குத் தகுந்தபடி கூடும், அதனால் அதில் லாபமில்லை. ஆனால் காற்றின் எதிர்ப்பு எடையைப் பார்த்துக் கூடுவதில்லை, வடிவத்தையும் வேகத்தையும்தான் பார்க்கிறது. நான்கு சக்கரத்தைச் சுழற்றுகிற செலவும் கார் எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்தது இல்லை. கையில் சொத்து அதிகமாக இருந்தால் இந்த இரண்டு செலவும் சிறிய பங்காகத் தெரியும். அதனால்தான் வரம்பைத் தொட்டு நிற்கும் கார் லேசான காரைவிட முந்துகிறது.

அந்த எடை பின்பக்கம் இருக்க வேண்டும். தொடங்கும் இடத்தில் கார் சரிவில் நிற்கிறது, அதன் பின்பகுதி முன்பகுதியைவிட உயரத்தில் இருக்கும். எடை பின்னால் இருந்தால் அது மேலேயிருந்து விழுகிறது, சமதளத்துக்கு வந்த பிறகு எல்லார் எடையும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். சரிவு 25 முதல் 30 டிகிரி என்று வைத்தால், எடையின் மையத்தை ஓர் அங்குலம் பின்னால் தள்ளினால் அது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரத்திலிருந்து விழும். மொத்த உயரத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு. வேகத்தில் அரை சதவீதம். சமதளத்தில் ஓடுகிற நேரத்தில் இது நூறில் ஒரு நொடிக்குக் கொஞ்சம் குறைவாகவோ கூடவோ லாபம் தரும், தூரத்தில் சொன்னால் இரண்டு அங்குலம் போல. கேட்க அற்பமாக இருக்கும். முதல் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் அந்த இரண்டு அங்குலம்தான்.

அதற்காக எல்லாவற்றையும் பின்னால் கொண்டுபோய்க் குவித்தால் முன் சக்கரம் லேசாகி, சரிவு முடிந்து சமதளம் தொடங்குகிற வளைவில் கார் குதிக்கும், சில சமயம் பட்டையைவிட்டே வெளியே போகும். பின் அச்சுக்கு ஓர் அங்குலம் முன்னால் கார் சமநிலையில் நிற்க வேண்டும். முதல் தடவை செய்பவர்களுக்கு அதுதான் பத்திரம். சோதிப்பது சுலபம்: ஒரு ஸ்கேலைக் குறுக்காக நிமிர்த்திப் பிடித்து அதன் விளிம்பில் காரை வைத்து, எந்த இடத்தில் தராசு மாதிரி நிற்கிறது என்று பாருங்கள். இந்த வேலையை மகளிடமே கொடுங்கள், நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதில் குழந்தைகளுக்கு அலுப்பே வராது. கிட்டில் வருகிற கட்டையைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு பள்ளங்களில் ஒன்று ஓரத்துக்கு நெருக்கமாக இருப்பது தெரியும். விதி தடுக்காவிட்டால் அந்த ஓரத்தைப் பின்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் முதலை. இயல்பாகவே தரையோடு தரையாகக் கிடக்கிற பிராணி, காற்றைப் பொறுத்தவரை இதைவிட நல்ல தேர்வு கிடையாது. ஒரே சிக்கல், முதலைக்கு வால் பக்கம் மெலிந்துபோகும், நமக்கோ அங்கேதான் எடை வேண்டும். இதற்கு இரண்டு வழி தோன்றுகிறது. வாலைச் சுருட்டி முதுகின் பின்பக்கம் படுக்க வைத்த மாதிரி செதுக்கலாம், அந்தச் சுருளுக்குள் எடை ஒளிந்துகொள்ளும். அல்லது முதலையை வால் முன்னே, தலை பின்னே என்று ஓட விடலாம்! பருத்த தலை பின் சக்கரத்தின் மேல் வரும், எடைக்கு இடம் தாராளம், முன்பக்கம் வால் சரிந்து மெலிந்து இறங்கும். பின்னோக்கி ஓடுகிற முதலை என்றால் மகள் என்ன சொல்வாள் என்று தெரியாது, அவளிடம் கேட்டு அவளே முடிவு செய்யட்டும். ஏன் எடை பின்னால் வேண்டும் என்பதை அவள் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி வேறு இல்லை. எந்தப் பக்கம் முன்னால் வந்தாலும் அந்த முனையைக் கூராகச் சீவிவிடாதீர்கள். தொடங்கும் இடத்தில் ஒரு குச்சி காரைத் தடுத்து நிறுத்தியிருக்கும், முனை கூராக இருந்தால் கார் அதன் மேல் சரியாகச் சாயாமல் பக்கவாட்டில் வழுக்கும். அரை அங்குலமாவது தட்டையான முகம் வேண்டும்.

வரைவதை அவளிடம் விடுங்கள். கட்டையின் பக்கவாட்டை ஒரு தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, அச்சுப் பள்ளங்களைக் குறித்துக் கொடுத்தால் அதற்குள் வரைவாள். உடம்பின் தடிமன் அரை அங்குலமாகக் குறைந்தால் நல்லது, அப்போதுதான் நாம் வேண்டிய இடத்தில் எடை சேர்க்க மிச்சம் கிடைக்கும். முழுக் கட்டையே நூறு கிராமைத் தாண்டும், அதை அப்படியே விட்டால் எடை நடுவில்தான் இருக்கும். அறுக்கும் வேலை பெரியவர்களுடையது. உங்களிடம் கருவி இல்லை என்கிறீர்கள், பரவாயில்லை. பெரும்பாலான பேக்குகள் ரேஸுக்கு முன் ஒரு சனிக்கிழமை பட்டறை நாள் வைக்கும், பெரிய வாள் இயந்திரம் வைத்திருக்கிற தன்னார்வலர் யாராவது கோட்டின் மேல் அறுத்துக் கொடுப்பார். மகளின் சிறு குழுவை நடத்துகிற டென் லீடரிடம் கேளுங்கள். அறுத்த பிறகு உப்புத்தாள் போட்டு உருட்டுவது முழுக்க அவள் வேலை. அப்புறம் பெயின்ட். அச்சுப் பள்ளத்துக்குள் பெயின்ட் போகாமல் டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆணி கோணலாக இறங்கும். பெயின்ட் நன்றாகக் காய இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

எடைக்குக் கடையில் டங்ஸ்டன் கட்டிகள் விற்கின்றன. ஈயத்தைவிடக் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு அடர்த்தி, அதனால் சின்ன இடத்தில் பின்னால் அடக்கலாம். விலை அதிகம். ஈயம் விஷம், குழந்தை கை வைக்கிற வேலையில் அது வேண்டவே வேண்டாம். முதல் வருடத்துக்கு நான் சொல்வது அமெரிக்க நிக்கல் நாணயம். ஒவ்வொன்றும் சரியாக 5 கிராம். உடம்பை அரை அங்குலத்துக்கு மெலித்திருந்தால் சக்கரம், ஆணி, பெயின்ட் எல்லாம் சேர்த்து 65 கிராம் போல வரும், மிச்சம் 75 கிராமுக்கு 15 நாணயம். முக்கால் டாலரில் வேலை முடிந்தது. முதலையின் முதுகில் செதில் வரிசையாக அவற்றை அடுக்கி ஒட்டலாம், மேலே பச்சைப் பெயின்ட். எத்தனை நாணயம், எங்கே என்பதை மகள் சமையலறைத் தராசில் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்கட்டும், இரண்டாம் வகுப்புக் கணக்குக்கு அருமையான பயிற்சி. ஒட்டுவதற்கு முன் டேப் போட்டு நிறுத்தி, ஸ்கேல் விளிம்பில் சமநிலை பார்த்துவிட்டு, பிறகு பசை. வீட்டுத் தராசும் பேக்கின் தராசும் ஒன்றாகக் காட்டாது என்பதால், கடைசி இரண்டு மூன்று கிராமை எடுத்துப் போடக்கூடிய களிமண் மாதிரியான எடையாக வையுங்கள்.

இனி முக்கியமான வேலை. கிட்டில் வருகிற ஆணியை எடுத்து, தலைக்குக் கீழே நகத்தால் மெல்ல வருடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் மெல்லிய வரப்பு மாதிரி மேடு தட்டுப்படும், தலையின் அடியிலும் சொரசொரப்பு இருக்கும். ஆணி தயாரிக்கும் இயந்திரம் விட்டுப்போன தடம் அது. சக்கரம் சுழல்வது சரியாக அந்த இடத்தில்தான். மகளின் நகத்தாலும் அதைத் தொட வையுங்கள், அதற்குப் பிறகு ஏன் தேய்க்கிறோம் என்று விளக்கவே வேண்டாம்.

இதற்கு ஒரு சாதாரண மின்சாரக் கை டிரில் வேண்டும், அக்கம்பக்கத்தில் கடன் வாங்குங்கள். ஆணியின் கூர் பக்கத்தை டிரில்லில் மாட்டி, தலை வெளியே இருக்கிற மாதிரி வையுங்கள். டிரில்லை மெதுவாகச் சுற்ற விட்டு, சின்ன அரத்தால் அந்த மேட்டையும் தலையின் அடிப்பகுதியையும் சமப்படுத்துவது நீங்கள். அதன் பிறகு அவள் முறை. விரலகலத்துக்கு வெட்டிய உப்புத்தாள் துண்டு, தண்ணீரில் நனைத்தது. அதன் இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்து, சுழல்கிற ஆணியின் மேல் மெல்ல அழுத்த வேண்டும். விரலில் சுற்றிக்கொள்ளக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, தலைமுடி கட்டியிருக்க வேண்டும், தொங்குகிற சட்டைக் கை கூடாது, கையுறையும் கூடாது. டிரில்லின் பொத்தான் உங்கள் விரலில்தான் இருக்க வேண்டும். 400 எண் தாளில் தொடங்கி 600, 1000, 2000 என்று ஏறுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் அரை நிமிடம் போதும். 400இல் ஆணி மங்கலாகக் கோடு கோடாகத் தெரியும். 1000 வந்ததும் கோடு மறைந்துவிடும். 2000 முடிந்து, துணியில் உலோகப் பாலிஷ் தொட்டுத் துடைத்தால் ஜன்னல் வெளிச்சம் ஆணியில் ஒரு மெல்லிய கோடாகப் பிரதிபலிக்கும். நான்கு ஆணியிலும் அந்தக் கோடு உடையாமல் தெரிகிற வரை விடாதீர்கள். ஒரு ஆணியில் அவசரப்பட்டால் மற்ற மூன்றின் உழைப்பும் வீணாகும். முடிந்ததும் பாலிஷ் மிச்சம் ஒட்டியிருக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து உலர்த்துங்கள்.

ஒரே நாளில் நான்கையும் முடிக்க வேண்டாம். ஏழு வயதுக்கு இருபது நிமிடம்தான் கணக்கு. ஒரு மாலையில் இரண்டு ஆணி, அடுத்த மாலையில் இரண்டு. நடுவில் ஒரு சோதனை செய்து காட்டுங்கள்: தேய்க்காத ஆணியில் ஒரு சக்கரத்தை மாட்டி விரலால் சுண்டிவிட்டு எத்தனை நொடி சுற்றுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு தேய்த்த ஆணியில் அதே சக்கரம், கிராஃபைட் தூளோடு. முதலாவது சீக்கிரம் திணறி நிற்கும், இரண்டாவது அரை நிமிடம் வரைகூட ஓடும். அந்த வித்தியாசத்தைத் தன் கண்ணால் பார்த்த குழந்தை அடுத்த இரண்டு ஆணிக்குத் தானாக வந்து உட்காரும்.

சக்கரத்தில் செய்ய வேண்டியது குறைவு. வார்ப்பில் வந்த சின்னப் பிசிறு விளிம்பில் இருந்தால் நுண்ணிய தாளால் நீக்கிவிடலாம். அதற்கு மேல் சக்கரத்தைக் கடைந்து இளைக்கச் செய்வது பெரும்பாலான பேக்குகளில் தடை. துளைக்குள் பஞ்சுக் குச்சியால் தூசியைத் துடைத்துவிட்டு, உலர்ந்த கிராஃபைட் தூளைச் சிட்டிகை போட்டு, ஆணியில் மாட்டிச் சுழற்றி, மறுபடி போட்டு மறுபடி சுழற்றி என்று நாலைந்து தடவை செய்தால் தூள் உள்ளே படிந்து கருப்பாக மினுங்கும். பழைய செய்தித்தாள் விரித்து, பழைய சட்டையோடு செய்யுங்கள், கிராஃபைட் எதிலும் ஒட்டும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எல்லாம் வேண்டாம். தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சில எண்ணெய்கள் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும், பல பேக்குகளின் விதியிலும் அதற்கு இடமில்லை.

சக்கரத்தோடு ஆணியைப் பள்ளத்தில் இறக்கும்போது சக்கரத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு கிரெடிட் கார்டு தடிமன் இடைவெளி விடுங்கள். கார்டையே நடுவில் வைத்துக்கொண்டு ஆணியை அழுத்தினால் நான்கும் ஒரே அளவாக வரும். ஒட்டுவது கடைசியில். சூப்பர் க்ளூ அச்சு வழியாக ஓடி சக்கரத் துளைக்குள் போய்விடும், அப்புறம் எதுவும் செய்ய முடியாது. சாதாரண மரப் பசையைப் பல்குத்தும் குச்சியால், காரின் அடியில், சக்கரத்துக்குத் தூரமாக ஒரு சொட்டு வைத்தால் போதும்.

ஒட்டுவதற்கு முன் நேராக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஊரில் நுங்கு வண்டி ஓட்டியவர்களுக்கு இது கையிலேயே தெரியும்: குச்சி கொஞ்சம் கோணலாகச் செருகியிருந்தால் வண்டி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். இங்கேயும் அதே கதை. வழவழப்பான நீளமான மேசையின் ஒரு பக்கத்தைப் புத்தகம் வைத்துக் கொஞ்சம் உயர்த்தி, நான்கு அடி நீளத்துக்கு நேராக ஒரு டேப் ஒட்டுங்கள். அதன் மேல் காரைத் தள்ளாமல் விட்டு, முடிவில் டேப்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று மகளை அளக்கச் சொல்லுங்கள். ஓரடிக்கு மேல் விலகினால் ஏதோ ஓர் ஆணி பள்ளத்தில் சாய்ந்து நிற்கிறது. குறட்டால் ஆணித் தலையைப் பிடித்துக் கொஞ்சம் திருகியும் அழுத்தியும் திரும்ப விட்டுப் பாருங்கள்.

அனுபவம் உள்ளவர்கள் இதில் இன்னொரு படி போகிறார்கள், அது ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. முற்றிலும் நேராக ஓடுகிற கார் என்று ஒன்று இல்லை. ஏறக்குறைய நேராகப் போகிற கார் இடது பக்கம் பட்டையில் மோதும், திரும்பி வலது பக்கம் மோதும், இப்படியே தள்ளாடிக்கொண்டு போகும். ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் ஆற்றல் போகிறது. அதற்குப் பதிலாக, முன் சக்கரங்களில் ஒன்றை வேண்டுமென்றே மிக லேசாகத் திருப்பி, கார் ஒரு பக்கமாகவே, நான்கு அடிக்கு இரண்டு மூன்று அங்குலம் விலகுகிற மாதிரி வைத்துவிட்டால், அந்த ஒரு சக்கரம் தொடக்கம் முதல் முடிவு வரை பட்டையோடு மென்மையாக ஒட்டிக்கொண்டு போகும். பின் சக்கரங்கள் பட்டையைத் தொடாது. எடை பின்னால் இருப்பதால் முன் சக்கரத்தின் மேல் பாரம் குறைவு, ஆகவே அந்த ஒட்டுதலில் போகிற ஆற்றலும் குறைவு. ஆணியை வளைக்க விதி அனுமதித்தால் அந்த முன் ஆணியை ஒன்றரை இரண்டு டிகிரி மட்டும் வளைத்து, பள்ளத்தில் அதைத் திருகித் திருகி விலகலைச் சரிசெய்வார்கள். அனுமதி இல்லாவிட்டால், இரண்டு மூன்று அங்குலம் ஒரே பக்கமாக விலகுகிற மாதிரி ஆணியை உட்கார வைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், இந்த வருடத்துக்கு அதுவே நிறைவாக இருக்கும்.

ஒரு முன் சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி வைப்பதைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுழலாத சக்கரத்துக்கு ஆற்றல் செலவில்லை, அதனால் நூற்றுக்கு ஒன்று போல மிச்சமாகும். பல பேக்குகளில் நான்கும் தரையைத் தொட வேண்டும் என்று விதி. உங்கள் பேக்கில் தடை இல்லாவிட்டாலும் இந்த வருடம் அது வேண்டாம், மூன்று சக்கரக் காரை நேராக்குவது வேறு வித்தை.

யார் எதைச் செய்வது என்ற கேள்விக்கு அனேகமாக மேலேயே பதில் வந்துவிட்டது: அறுப்பது, டிரில்லின் பொத்தான், அரம், குறடு ஆகியவை உங்களுடையவை. வரைவது, தேய்ப்பது, பெயின்ட், எடைக் கணக்கு, கிராஃபைட், மேசைச் சோதனை எல்லாம் அவளுடையவை. பெயின்ட் வழிந்திருந்தால் நீங்கள் இரவில் எடுத்துத் திருத்தாதீர்கள், இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சரிபார்க்கும் மேசையில் கார் வரும்போது நான் குழந்தையிடம்தான் பேசுவேன், இது எப்படிச் செய்தாய் என்று கேட்பேன். ஆணியைத் தேய்த்த குழந்தை 400, 600 என்று எண்ணோடு சொல்லும். தொடாத குழந்தை அப்பாவைத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வை எனக்கு ஒவ்வொரு வருடமும் வருத்தம் தருகிறது, ஏனென்றால் ஜெயித்தாலும் அந்தக் கோப்பை தன்னுடையது இல்லை என்று அந்தக் குழந்தைக்குத் தெரியும்.

ரேஸ் நாளுக்குச் சில குறிப்புகள். ஒட்டி முடித்த காரைத் தரையில் ஓட்டி விளையாட விடாதீர்கள், கிராஃபைட் உதிரும், தூசி ஏறும், கீழே விழுந்தால் ஆணி சாயும். ஒரு ஷூ பெட்டியில் துணி வைத்து எடுத்துப் போங்கள். எடை போடும் வரிசைக்குச் சீக்கிரமே போய்விடுங்கள். தராசு 5.1 காட்டினால் களிமண் எடையைக் கிள்ளி எடுக்க நேரம் வேண்டும். கடைசியாக ஒரு தடவை கிராஃபைட் போடுவதும் அப்போதுதான், மேசையில் ஒப்படைத்த பிறகு காரைத் தொட விடமாட்டார்கள். பெரும்பாலும் ஒவ்வொரு காரையும் எல்லாப் பாதையிலும் ஒரு தடவை ஓட்டி, நேரங்களின் சராசரியைத்தான் எடுப்பார்கள், ஏனென்றால் பாதைக்குப் பாதை கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். முதல் சுற்றில் பின்தங்கினால் அவளிடம் இதைச் சொல்லுங்கள். குழந்தைகளே காரை வைக்கிற வழக்கம் உங்கள் பேக்கில் இருந்தால், முந்தின நாளே வீட்டில் ஒரு பட்டையின் மேல் வைத்துப் பழக்குங்கள்: நான்கு சக்கரமும் பட்டைக்கு இரு பக்கமும் இறங்கியிருக்கிறதா, கார் பட்டைக்கு நேராக நிற்கிறதா, முனை குச்சியின் நடுவில் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து, பின்பக்கத்தை விரலால் லேசாகச் சரிசெய்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும்.